பீரியட்ஸ் 45 நாள், 60 நாள்னு தள்ளிட்டே போகுது... எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

ஓஎம்ஆர்_பொண்ணு:
ஹாய் எல்லாருக்கும். வயசு 26, ஐடில வேலை, இன்னும் கல்யாணம் ஆகல. காலேஜ் வரைக்கும் பீரியட்ஸ் ஓரளவு கரெக்டாதான் வந்துட்டு இருந்துச்சு, முன்ன பின்ன ரெண்டு மூணு நாள் இருக்கும் அவ்ளோதான். போன வருஷத்துல இருந்து 45 நாள், 52 நாள், ஒரு தடவை 60ன்னு இழுத்துட்டே போகுது, இப்போ 75 நாள் தாண்டியும் வரல. வலி கிலி எதுவும் இல்ல, வந்தா நாலு நாள்ல முடிஞ்சிடும். ஆபீஸ்ல மாஸ்டர் செக்கப் பேக்கேஜ் குடுத்தாங்க, அதுல வயித்து ஸ்கேன்ல "பிசிஓ மார்ஃபாலஜி"ன்னு எழுதியிருக்கு. முகத்துல முடி, பரு அதெல்லாம் எதுவும் இல்ல, வெயிட்டும் பெருசா ஏறல. அம்மாகிட்ட சொன்னா கல்யாணம் ஆனா தானா சரியாயிடும்டி, இப்போ ஜாதகம் எல்லாம் வெளிய போயிட்டு இருக்கு, இந்த நேரத்துல லேடி டாக்டர் கிளினிக்ல போய் உக்காந்தா பாக்கறவங்க என்ன நினைப்பாங்கன்னு சொல்றாங்க. கூகுள் பண்ணா குழந்தையே பிறக்காதுங்கற ரேஞ்சுக்கு பயமுறுத்துது. நிஜமா இது எந்த அளவுக்கு சீரியஸ், வெயிட் பண்ணலாமா கூடாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மதுரைமல்லி:
அடி ஆத்தி, இதுக்கா இம்புட்டு பயம். எனக்கும் இதே கதைதேன், இப்ப ரெண்டு புள்ளைக இருக்கு. கழற்சிக்காயை உடைச்சு உள்ள இருக்க பருப்பை மிளகோட சேத்து வெறும் வயித்துல மென்னு தின்னுட்டு மோர் குடி. கசப்பு உசுரு போகும், ஆனா எங்க தெருவுல பாதிப்பேர் இதுதேன் சாப்புடுறாக. பப்பாளி, எள்ளுருண்டை, கருப்பட்டி இதையும் சேத்துக்க.

சிஸ்டர்_தஞ்சாவூர்:
நான் டாக்டர் இல்லப்பா, மகப்பேறு வார்டுல ஸ்டாஃப் நர்ஸ், ஓபியிலயும் நிறைய வருஷம் இருந்திருக்கேன். அந்த அளவுல எடுத்துக்கோங்க.

முதல்ல எண்ணுறதை சொல்லிடறேன், அதுலதான் நிறைய பேர் குழம்புறாங்க. ரத்தம் பட்ட முதல் நாள் ஒண்ணாம் நாள். அடுத்த தடவை பட்டா அது திரும்ப ஒண்ணு. முடிஞ்ச நாள்ல இருந்து எண்ணக்கூடாது, தலைக்கு ஊத்துன நாள்ல இருந்தும் எண்ணக்கூடாது. "பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வருது சிஸ்டர்"னு அழுதுட்டு வருவாங்க, காலண்டரை வெச்சு எண்ணுனா அதை விட கூடவே வரும், முடிஞ்ச அன்னைக்கு ஆரம்பிச்சிருப்பாங்க. 28 நாளுக்கு ஒரு நிமிஷம் முன்ன பின்ன வரக்கூடாதுன்னு நினைக்கறவங்களும் உண்டு. அப்படி இல்ல. ஃபிகோன்னு உலக அளவுல மகளிர் மருத்துவர்கள் கூட்டமைப்பு ஒண்ணு இருக்கு, அவங்க கணக்குல 24 நாள்ல இருந்து 38 நாள் வரைக்கும் நார்மல், உதிரப்போக்கு 8 நாள் வரைக்கும் இருக்கலாம். உங்களுக்கு வந்ததுலயே குறைஞ்ச இடைவெளிக்கும் கூடின இடைவெளிக்கும் ஒரு வாரம், பத்து நாளுக்குள்ள வித்தியாசம் இருந்தா அதை ஒழுங்குன்னுதான் சொல்லணும். ஒரு மாசம் 27, அடுத்த மாசம் 32ன்னா விட்டுட்டு வேலையைப் பாருங்க.

உங்க கேஸ் அது இல்ல. 45, 52, 60, இப்போ 75ன்னா காமிச்சே ஆகணும். 90 நாள் வரைக்கும் இழுக்கவே வேண்டாம். ஏன்னு சொல்றேன். முட்டை வெளிய வந்தாத்தான் புரோஜெஸ்ட்ரோன்ங்கற ஹார்மோன் சுரக்கும், அது சுரந்து அப்புறம் குறையும்போதுதான் கர்ப்பப்பை உள்சவ்வு கழண்டு பீரியட்ஸா வரும். முட்டையே வெளிய வரலன்னா ஈஸ்ட்ரோஜென்ங்கற ஹார்மோன் மட்டும் அந்த சவ்வை வளர்த்துட்டே இருக்கும், கழட்டி விட ஆள் இல்ல. ஒண்ணு ரெண்டு தடவைன்னா ஒண்ணும் ஆகாது. இதுவே வருஷக்கணக்கா ஓடுச்சுன்னா சவ்வு தடிச்சு, ஒருநாள் நிக்காம கொட்டும், இன்னும் சில பேருக்கு அந்த செல்லுங்களே மாற ஆரம்பிக்கும். "வரலன்னா நிம்மதி, பேட் செலவு மிச்சம்"னு சிரிச்சுட்டே சொல்ற பொண்ணுங்களைப் பாத்திருக்கேன், அவங்களுக்காகத்தான் இவ்ளோ நீட்டறேன்.

அப்புறம் அந்த ஸ்கேன். சினைப்பைல சின்னச் சின்னதா நிறைய தெரியறது வளராம நிக்கிற முட்டைப் பைங்கதான், ஒண்ணு ஒண்ணும் ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது, ஆபரேஷன் பண்ணி எடுக்கற கட்டி கிடையாது. பீரியட்ஸ் கரெக்டா வர்ற பொண்ணுங்களுக்கே இளவயசுல ஸ்கேன்ல இப்படித் தெரியும். பிசிஓஎஸ், அதாவது நீர்க்கட்டி பிரச்சனைன்னு சொல்ல மூணுல ரெண்டு இருக்கணும்: பீரியட்ஸ் தாறுமாறா வர்றது, ஆண் ஹார்மோன் கூடினதோட அடையாளம் (தாடைல முடி, விடாத பரு, இல்ல ரத்தத்துல கூடியிருக்கறது), ஸ்கேன்ல இந்த மாதிரி தெரியறது. ஆனா அதுக்கும் முன்னாடி தைராய்டு, ப்ரொலாக்டின் (பால் சுரக்க வைக்கற ஹார்மோன்) ரெண்டும் நார்மலான்னு பாத்து மத்த காரணத்தை எல்லாம் ஒதுக்கணும். அதைப் பாக்காம ஸ்கேனை மட்டும் வெச்சு எழுதுனா அது பாதி வேலைதான்.

கல்யாணம் ஆகல, இருந்தாலும் கேக்கறேன், யார்கிட்டயும் பதில் சொல்ல வேண்டாம்: வாய்ப்பு இருக்குன்னா முதல்ல மெடிக்கல் ஷாப்ல யூரின் டெஸ்ட் கார்டு வாங்கிப் பாருங்க. நாள் தள்ளிப்போய், ஒரு பக்கம் அடிவயித்துல வலி, லேசா கறை, தலை சுத்தல் இதெல்லாம் சேந்து வந்தா கர்ப்பம் குழாய்ல தங்கியிருக்கலாம், அது அன்னைக்கே காஷுவாலிட்டிக்கு போக வேண்டிய விஷயம்.

மல்லி, கோவிச்சுக்காதீங்க. கழற்சிக்காய் சாப்பிடறவங்க சாப்பிடட்டும், ஆனா மூணு மாசம் அதை மட்டும் தின்னுட்டு தைராய்டு டெஸ்ட்டை தள்ளிப் போடக் கூடாது. பேர் எழுதாத டப்பால "பிசிஓடி பொடி"ன்னு ஆன்லைன்ல விக்கறதை மட்டும் தயவுசெஞ்சு தொடாதீங்க, உள்ள என்ன இருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது.

மதுரைமல்லி:
கோவமெல்லாம் இல்ல சிஸ்டர். எனக்கும் தைராய்டுதேன் இருந்துச்சுன்னு அப்புறம்தேன் கண்டுபுடிச்சாக, மாத்திரையும் கழற்சிக்காயும் ஒண்ணா ஓடுச்சு, எதுல சரியாச்சுன்னு சாமிக்குத்தேன் வெளிச்சம்.

ஈரோடு_அம்மா:
சிஸ்டருங்க, எம் பொண்ணுக்கு ஒரு சந்தேகம் கேட்டுக்கறனுங்க. 13 வயசு ஆகுது, வயசுக்கு வந்து எட்டு மாசம் இருக்கும். சீர் எல்லாம் பண்ணி உளுந்தங்களி, நாட்டுக்கோழி முட்டை, நல்லெண்ணெய்னு ஒண்ணும் குறை வெக்கலைங்க. முதல்ல வந்ததோட ரெண்டு மாசம் வரல, அப்புறம் இருவது நாள்ல வந்துச்சு, இப்ப திரும்ப ஒன்றரை மாசம் ஆச்சு. எங்க நாத்தனார் ஸ்கேன் எடுத்துப் பாருன்னு ஒரே தொல்லை பண்றாங்க. எடுக்கோணுங்களா?

சிஸ்டர்_தஞ்சாவூர்:
வேண்டாங்க. மூளைல இருந்து சினைப்பைக்கு போற சிக்னல் செட்டாக டைம் எடுக்கும், முதல் வருஷம் இப்படி முன்ன பின்ன வர்றது சகஜம். ஒண்ணுல இருந்து மூணு வருஷத்துக்குள்ள 21 நாள்ல இருந்து 45 நாள் வரைக்கும் ஓகே. மூணு வருஷம் கழிச்சும் 35 நாளைத் தாண்டியே வந்துட்டு இருந்தா காமிங்க. முதல் வருஷம் முடிஞ்சதுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை 90 நாள் தாண்டினாலும் காமிங்க. சினைப்பை ஸ்கேனை வெச்சு இந்த வயசுல பிசிஓஎஸ்னு முடிவு பண்ணவே கூடாது, வயசுக்கு வந்து எட்டு வருஷம் வரைக்கும் அதை கணக்குல எடுக்காதீங்கன்னுதான் இப்போ இருக்கற சர்வதேச வழிகாட்டுதலே சொல்லுது, ஏன்னா அந்த வயசுல நல்லா இருக்கற பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் தெரியும். 13 வயசுல "உனக்கு நீர்க்கட்டி இருக்கு"ன்னு சொல்லிட்டா அந்தப் பொண்ணு மனசுல அது கல்யாணம் வரைக்கும் நிக்கும்.

ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. பாப்பாவுக்கு ரொம்ப அதிகமா போகுதா? ராத்திரி எந்திரிச்சு பேட் மாத்துற அளவுக்கு, எட்டு நாளைக்கு மேல, கூடவே மூக்குல ரத்தம், பல் விளக்கும்போது ரத்தம், அடிபட்டா சட்டுன்னு நிக்காம இருக்கறதுன்னா ரத்தம் உறையறதுல பிரச்சனை இருக்கலாம். வான் வில்லிபிராண்டுன்னு ஒரு நோய், வயசுக்கு வந்த முதல் ஒண்ணு ரெண்டு தடவையிலயே அது காட்டிக் குடுக்கும். இன்னொண்ணு வேற பிள்ளைங்களுக்கு: 15 வயசு முடிஞ்சும் வயசுக்கே வரலன்னா காத்திருக்காம காமிக்கணும்.

ஈரோடு_அம்மா:
அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, மூணு நாலு பேட்தான் ஒரு நாளைக்கு. ரொம்ப நன்றிங்க, நாத்தனாருக்கு இதையே அனுப்பிட்டேன்.

பெரியம்மா_சேலம்:
எங்க காலத்துல யாரு இதெல்லாம் எண்ணுனா. கல்யாணம் பண்ணி ஒரு குழந்தை பெத்தா எல்லாம் சரியாப் போகும், இப்ப இருக்கற பொண்ணுங்க எல்லாத்தையும் நோவுன்னு சொல்லிட்டு திரியுதுங்க.

கருவேப்பிலை:
பெரியம்மா, மரியாதையாத்தான் கேக்கறேன், தைராய்டு கம்மியா இருக்கற பொண்ணுக்கு தாலி கட்டுனா தைராய்டு எப்படி ஏறும்? எங்க அக்காவுக்கு இப்படி சொல்லித்தான் கட்டி வெச்சீங்க எல்லாரும் (நீங்க இல்ல, எங்க வீட்ல), அப்புறம் நாலு வருஷம் குழந்தை இல்லன்னு அவளையே பேசினீங்க. ஆரம்பத்துலயே பாத்திருந்தா ஒரு மாத்திரைல போயிருக்கும். முட்டை ரெகுலரா வராதவங்களுக்கு அதை வர வைக்க மாத்திரையே இருக்கு, நிறைய பேருக்கு அதுலயே நிக்குது, அதனால "குழந்தை பிறக்காது"ங்கறதும் பொய்தான். ஓஎம்ஆர் பொண்ணு கூகுளையும் மூடு, ஜாதகத்தையும் கொஞ்ச நாள் மூடு.

பெரியம்மா_சேலம்:
உங்க அக்கா விஷயம் எனக்கு தெரியாதும்மா. சரி, டாக்டர்கிட்ட போறது தப்புன்னு நான் சொல்லல.

திண்டுக்கல்_செல்வி:
நான் ஸ்பின்னிங் மில்லுல வேலை பாத்தவ, இப்ப இல்ல. எங்களுக்கு ஒரு வாரம் பகல் ஷிப்டு ஒரு வாரம் நைட்டு, ஹாஸ்டல்ல இருந்த பிள்ளைங்க பாதிக்கு மேல பீரியட்ஸ் கரெக்டா வராது. வயித்து வலின்னு சூப்பர்வைசர்கிட்ட சொன்னா லீவு கிடையாது, கவர் இல்லாத வெள்ளை மாத்திரை ரெண்டு கையில வெப்பாங்க, அதை அங்கேயே அவங்க முன்னாடி முழுங்கிட்டு மெஷினுக்கு போயிடணும். என்ன மாத்திரைன்னு கேட்டா திட்டு. 2019ல தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன்ல தமிழ்நாட்டு கார்மெண்ட்ஸ்ல வேலை பாக்கற நூறு பொண்ணுங்ககிட்ட பேசி இதையே எழுதியிருந்தாங்க, எல்லாருக்கும் பேரில்லாத மாத்திரைதான் குடுத்திருக்காங்க, அதை எங்க பழைய குரூப்ல யாரோ போட்டப்பதான் நம்ம மில்லு மட்டும் இல்ல போலன்னு தெரிஞ்சுது. அந்த மாத்திரையாலதான் எனக்கு இப்ப ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வருதான்னு ஒரு பயம் உள்ள ஓடிட்டே இருக்கு.

சிஸ்டர்_தஞ்சாவூர்:
செல்வி, வலிக்கு குடுக்கற மாத்திரை பெரும்பாலும் ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் வகைதான். அது உதிரப்போக்கை கொஞ்சம் குறைக்கும், மாசத்தை தள்ளி விடாது. வெறும் வயித்துல அடிக்கடி போட்டா வயித்துப்புண், கிட்னி பிரச்சனைதான் வரும். ஆனா என்னன்னே தெரியாத மாத்திரையைப் பத்தி யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. பாத்துக்கோங்க, அதுதான் பேரில்லாம குடுக்கறதுல இருக்கற அநியாயமே. ஷிப்டு மாறி மாறி தூங்கறது, சரியா சாப்பிடாதது, ரத்த சோகை இதெல்லாமே மாசத்தை குழப்பும். வேலையை விட்டும் இப்படியே இருக்குன்னா ஜிஹெச்ல மகளிர் ஓபிக்கு போங்க, ஹீமோகுளோபின், தைராய்டு ரெண்டும் அங்கயே காசில்லாம பாத்துடுவாங்க.

மட்டுறுத்துநர்:
மாத்திரை பேரும் டோஸும் "நீ இதைப் போடு"ங்கற மாதிரி யாரும் எழுதாதீங்க. ரெண்டு பதிவை எடுத்திருக்கேன். பேசறதை பேசுங்க.

கிரகப்பிரவேசம்_டென்ஷன்:
இழைக்கு நடுவுல வர்றேன். மாத்திரை போட்டு தள்ளிப் போடறதைப் பத்தி யாரும் சொல்லலையே. எங்க வீட்ல கும்பாபிஷேகம், கல்யாணம், பொங்கல்னு எது வந்தாலும் மெடிக்கல்ல அண்ணன்கிட்ட சொன்னா ஒரு அட்டை குடுத்துடுவார், நான் இந்த வருஷத்துல நாலு தடவை போட்டாச்சு. இப்ப நிறுத்துனாலும் வர்றதே ஒழுங்கா இல்ல, நடுவுல நடுவுல கறை படுது. இதனாலயா?

சிஸ்டர்_தஞ்சாவூர்:
நீங்க சொல்றது நோரெதிஸ்டிரோன் வகை. உடம்புல புரோஜெஸ்ட்ரோன் குறைஞ்சாலும் அதோட இடத்துல இது இருந்து சவ்வைப் பிடிச்சு வெச்சிருக்கும், நிறுத்துன ரெண்டு மூணு நாள்ல கழண்டு வரும். எப்பவாவது ஒரு தடவை டாக்டர் எழுதிக் குடுத்துப் போட்டா பெரிய பிரச்சனை இல்ல. நீங்க செய்யறது அது இல்லீங்க. நாலு தடவை நாலு தேதிக்கு இழுத்தா உங்களோட நிஜ சுழற்சி என்னன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும், நடுவுல கறையும் படும். இதுல இன்னொரு விஷயம், கால்ல ரத்தக்கட்டி வந்தவங்க, ஈரல் பிரச்சனை இருக்கறவங்க, வீட்ல ரத்தம் உறையற நோய் இருக்கறவங்க இதை சும்மா போடக்கூடாது, மெடிக்கல் ஷாப் அண்ணன் அதையெல்லாம் கேக்க மாட்டார். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. ரெண்டு மூணு மாசம் எதையும் போடாம தேதியை எழுதுங்க. அதுக்கப்புறமும் நடுவுல கறை பட்டா காமிங்க.

கணவரோட சேந்த அப்புறம் கறை பட்டா மட்டும் அந்த ரெண்டு மூணு மாசம்கூட வேண்டாம், நேரா போங்க, கர்ப்பப்பை வாயைப் பாக்கணும். 30 வயசு தாண்டினவங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு விஐஏ டெஸ்ட் பண்றாங்க, அசிட்டிக் ஆசிட் தடவிப் பாப்பாங்க, அஞ்சு நிமிஷம்.

கருவேப்பிலை:
சாமிக்கு நம்ம தேதி பிரச்சனை இல்லன்னு ஒரு நாள் யாராவது சொன்னா இந்த மாத்திரை விக்கறது பாதியா குறையும்னு நினைக்கறேன். சரி இழையை திருப்பல.

கிரகப்பிரவேசம்_டென்ஷன்:
அதை எங்க மாமியார்கிட்ட வந்து சொல்லுங்க, காபி போட்டு வைக்கறேன்.

அண்ணன்_நாமக்கல்:
ஆண் ஒருத்தன் கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. தங்கச்சிக்கு 18, நீட் ரிபீட்டர், கோச்சிங் ஹாஸ்டல்ல இருக்கா. போன வாரம் வீட்டுக்கு வந்தப்போ அம்மாகிட்ட நாலு மாசமா பீரியட்ஸ் வரலன்னு சொல்லியிருக்கா, அம்மா என்கிட்ட சொல்றாங்க. ஆளு பாதியா இளைச்சிருக்கா, முடி கொட்டுது, எப்பவும் குளிருதுன்னு போர்த்திட்டே இருக்கா. ஹாஸ்டல்ல சாப்பாடு பிடிக்கல, ராத்திரி சாப்பிட்டா தூக்கம் வருதுன்னு ரெண்டு வேளைதான் சாப்பிடறாளாம். எக்ஸாம் முடிஞ்சதும் பாத்துக்கலாம்ங்கறா.

சிஸ்டர்_தஞ்சாவூர்:
தம்பி, நீங்க கேட்டது ரொம்ப நல்ல காரியம். எக்ஸாம் வரைக்கும் விடாதீங்க. சாப்பாடு பத்தாம, டென்ஷனும் சேந்தா மூளை முதல்ல நிறுத்தற வேலைகள்ல பீரியட்ஸ் ஒண்ணு. உடம்பு உயிரைக் காப்பாத்த மிச்சம் பிடிக்குது. அந்த நேரத்துல ஈஸ்ட்ரோஜெனும் குறைஞ்சிடும், அது குறைஞ்சா எலும்பு பலமா சேர வேண்டிய வயசுல சேராது. தைராய்டும் பாக்கணும், முடி கொட்டறது குளிர்றது ரெண்டுக்கும் அது காரணமா இருக்கலாம். டாக்டர் டெஸ்ட் எழுதும்போது கர்ப்பம் இல்லைன்னு ஒரு டெஸ்ட் வழக்கமா எழுதுவாங்க, அதுக்கு வீட்ல யாரும் சண்டை போட வேண்டாம், எல்லாருக்கும் எழுதறதுதான். குண்டாயிடுவோம்னு பயந்து சாப்பிடாம இருக்காளான்னு அம்மாவை மெதுவா கேக்கச் சொல்லுங்க, அப்படின்னா மனநல டாக்டரையும் சேத்துப் பாக்கணும். பீரியட்ஸ் வர வைக்க மாத்திரை மட்டும் வாங்கிக் குடுத்துட்டு அனுப்பிடாதீங்க, அவளுக்கு தேவை சாப்பாடு.

வத்தலகுண்டு_வாசுகி:
எனக்கு 43. மாசத்துக்கு ரெண்டு தடவை, பத்து நாள் ஓடுது, கட்டி கட்டியா. தீட்டுத் துணிக்கு மேல பேட், பேட்டுக்கு மேல பேட். மாடி ஏறினா மூச்சு வாங்குது. ஒரு தனியார் ஆஸ்பத்திரில கர்ப்பப்பைல ஃபைப்ராய்டு கட்டி இருக்குன்னு சொல்லி, குழந்தைதான் ரெண்டு இருக்கே, கர்ப்பப்பையை எடுத்துடலாம், அடுத்த வாரம் அட்மிட் ஆகுங்கன்னுட்டாங்க. ஹீமோகுளோபின் 7.4. எடுக்கறதா வேண்டாமான்னு தூக்கமே வரல.

சிஸ்டர்_தஞ்சாவூர்:
வாசுகிக்கா, முதல்ல ரத்தத்தை ஏத்தணும். பொம்பளைங்களுக்கு 12க்கு கீழ போனாலே ரத்த சோகை, 7.4ல மூச்சு வாங்கத்தான் செய்யும். நம்ம நாட்டுல 2019-21ல எடுத்த குடும்பநல சர்வேல 15ல இருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல நூத்துக்கு 57 பேருக்கு ரத்த சோகை, அதனால நமக்கு இந்த களைப்பே பழகிப்போச்சு, அசதின்னு நினைச்சுட்டு அடுப்படிக்கு போயிடறோம். அயர்ன் மாத்திரை போடறீங்கன்னா டீ காபியோட போடாதீங்க, உடம்புல சேராது, எலுமிச்சம்பழ ஜூஸோட போடுங்க. உங்க அளவுக்கு ஊசியா ஏத்தவும் சொல்லலாம்.

கர்ப்பப்பை எடுக்கறது சில பேருக்கு நிஜமாவே தேவைப்படும், அதை இங்க உக்காந்து நான் வேண்டாம்னு சொல்ல முடியாது. ஆனா ரெண்டாவது டாக்டர்கிட்ட கேக்காம அட்மிட் ஆகாதீங்க. கேக்க வேண்டியது: ஃபைப்ராய்டு எவ்ளோ பெருசு, எந்த இடத்துல? கர்ப்பப்பைக்கு உள்பக்கமா துருத்திட்டு இருந்தா அதை மட்டும் கேமரா விட்டு எடுக்கலாம். உதிரப்போக்கை குறைக்க மாத்திரை பாத்தாச்சா? ஹார்மோன் இருக்கற காப்பர்-டி மாதிரி ஒண்ணு உள்ள வைப்பாங்க, அது வேலை செய்யுமா? உள்சவ்வுல இருந்து துளி எடுத்து டெஸ்ட் பண்ற பயாப்சி எடுத்தாச்சா? 45 தாண்டினவங்களுக்கு இது கண்டிப்பா எடுக்கணும், உங்களுக்கும் இப்படி நடுவுல நடுவுல போறதால எடுக்கச் சொல்லலாம். தேவையில்லாம கர்ப்பப்பை எடுக்கற கொடுமை நடந்து, அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, 2023ல மாநிலங்கள் எல்லாம் மத்திய அரசோட வழிமுறையை மூணு மாசத்துக்குள்ள அமல்படுத்தணும்னு தீர்ப்பு வந்துச்சு. சந்தேகம் கேக்கறது உங்க உரிமை, கேட்டா கோவிச்சுக்கற டாக்டரை விட்டுட்டு வேற டாக்டரைப் பாருங்க.

இதுக்கு நடுவுல ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுசா நனைஞ்சு அது ரெண்டு மணி நேரத்துக்கு மேல போனா, இல்ல பத்து ரூபா காயினை விட பெரிய கட்டியா விழுந்து தலை சுத்துச்சுன்னா, விடியட்டும்னு பாக்காதீங்க. 108.

வத்தலகுண்டு_வாசுகி:
பயாப்சியே எடுக்கல சிஸ்டர். மருமக வர்ற ஞாயித்துக்கிழமை மதுரைக்கு கூட்டிட்டு போறேன்னு சொல்லியிருக்கா, அங்க இன்னொரு டாக்டரைப் பாக்கறோம்.

ஓஎம்ஆர்_பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி, போயிட்டு வந்தாச்சு. கொஞ்சம் பெருசா எழுதறேன், என்னை மாதிரி பயந்துட்டு இருக்கறவங்களுக்கு உள்ள என்ன நடக்கும்னு தெரியட்டும்.

அம்மாவும் வந்தாங்க. ரிசப்ஷன்ல "மேரீடா"ன்னு சத்தமா கேட்டாங்க, ஆமா, அந்த கொடுமை நடந்துச்சு. ஆனா உள்ள டாக்டர் அம்மாவை கொஞ்ச நேரம் வெளிய உக்காரச் சொல்லிட்டு என்கிட்ட தனியா பேசினாங்க. கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருக்கான்னு கேட்டாங்க, நேரா பதில் சொல்லலாம் அம்மாகிட்ட போகாதுன்னாங்க. உள் பரிசோதனை எதுவும் பண்ணல, அதுக்குத்தான் நான் ராத்திரி முழுக்க பயந்தேன். திரும்ப ஸ்கேன் தேவைன்னாலும் தண்ணி குடிச்சுட்டு வயித்து மேலதான் எடுப்போம்னாங்க. தேதி எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போயிருந்தேன், அதை வாங்கி பேனாவால ஒவ்வொரு இடைவெளியா எண்ணி பக்கத்துலயே எழுதினாங்க. ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒரு தடவை பாத்துட்டு ஓரமா வெச்சுட்டாங்க. தலைவலி இருக்கா, கண்ணு ஓரத்துல மங்கலா தெரியுதா, மார்புல இருந்து பால் மாதிரி எதாவது வருதா, இதெல்லாம் கேட்டாங்க. அப்புறம் "தினம் என்ன மாத்திரை போடற?" எதுவும் இல்லன்னேன். அப்போ அம்மா உள்ள வந்துட்டாங்க, "கேஸ்க்கு போடுவாளே, காலைல எந்திரிச்சதும் அதான் முதல்ல"ன்னாங்க. நைட் ஷிப்டு ஆரம்பிச்சதுல இருந்து நெஞ்செரிச்சல்னு நானே மெடிக்கல்ல வாங்கிப் போட்டுட்டு இருந்தது, அது மாத்திரைன்னே எனக்கு கணக்குல வரல. ஹேண்ட்பேக்ல இருந்த அட்டையை எடுத்துக் காமிச்சேன். பின்னாடி பொடி எழுத்துல படிச்சுட்டு "இதுல டாம்பெரிடோன் இருக்கு, இது ப்ரொலாக்டினை ஏத்தும், ப்ரொலாக்டின் ஏறினா முட்டை வர்றது நிக்கும்"னாங்க.

தைராய்டு நார்மல், சுகர் நார்மல், ஆண் ஹார்மோன் நார்மல். ப்ரொலாக்டின் 25க்குள்ள இருக்கணுமாம், எனக்கு 68. அந்த மாத்திரையை நிறுத்தி, நெஞ்செரிச்சலுக்கு அது கலக்காத வேற மாத்திரை குடுத்துட்டு கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. எந்திரிச்ச உடனே எடுக்காதீங்க, ஓடிவந்து மூச்சிரைக்க எடுக்காதீங்க, லேப்ல கொஞ்ச நேரம் உக்காந்து எடுங்க, பதட்டத்துலயே இது ஏறும்னாங்க. நிறுத்தியும் ஏறியே இருந்தா மூளைல ப்ரொலாக்டின் சுரக்கற பிட்யூட்டரி சுரப்பிக்கு எம்ஆர்ஐ பாக்கணும்னும் சொன்னாங்க, அது கேட்டு அம்மா முகம் செத்துப்போச்சு. பீரியட்ஸ் வர வைக்க சில நாளைக்கு ஒரு மாத்திரை, முடிச்ச நாலாம் நாள் வந்துச்சு.

திரும்ப எடுத்ததுல ப்ரொலாக்டின் 19. அதுக்கப்புறம் தானா வந்தது 41 நாள்ல, அடுத்தது 36. பிசிஓஎஸ் இல்லவே இல்லன்னு அவங்க சொல்லல, இன்னும் ஆறு மாசம் தேதி எழுது, அதுக்கப்புறம் பேசலாம்னு சொல்லியிருக்காங்க.

கருவேப்பிலை:
கேஸ் மாத்திரையா!! எங்க வீட்ல அப்பா, அண்ணி, நான் மூணு பேரும் சாப்பிடறோம். இப்பவே அட்டையைத் திருப்பிப் பாத்தேன், இருக்கு. அண்ணிக்கு போன் போடறேன்.

சிஸ்டர்_தஞ்சாவூர்:
எல்லாருக்கும் அதுதான் காரணமா இருக்காது, அண்ணி டாக்டர்கிட்ட கேட்டுட்டு நிறுத்தட்டும். ஆனா பீரியட்ஸ் பிரச்சனைக்கு போகும்போது மாத்திரை, நாட்டு மருந்து, ஊசின்னு போடறது அத்தனையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. மனநோய்க்கு குடுக்கற சில மாத்திரையும் இதே மாதிரி ப்ரொலாக்டினை ஏத்தும், அதை மட்டும் நீங்களா நிறுத்தவே கூடாது, எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட பேசணும்.

பெரியம்மா_சேலம்:
எழுதறதா வேண்டாமான்னு இருந்தேன். எனக்கு 56 வயசு. பீரியட்ஸ் நின்னு நாலு வருஷம் ஆச்சு. நேத்துல இருந்து லேசா கறை மாதிரி படுது. வலி இல்ல. சூடா இருக்கும்னு வெந்தயம் ஊற வெச்சு குடிச்சேன். திரும்ப மாசம் ஆரம்பிக்குதோ என்னமோ.

சிஸ்டர்_தஞ்சாவூர்:
இல்ல பெரியம்மா. ஒரு வருஷம் முழுசா நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அது பீரியட்ஸ் இல்ல, வலி இல்லைன்னாலும் காமிச்சே ஆகணும். நிறைய பேருக்கு சவ்வு மெலிஞ்சு போனதால வர்றதுதான், இல்ல சின்ன பாலிப்பா, அதாவது சதை வளர்ச்சியா இருக்கும், பயந்துக்காதீங்க. ஆனா கர்ப்பப்பை உள்சவ்வு புற்றுநோயும் முதல்ல இப்படித்தான் காட்டும், ஆரம்பத்துல புடிச்சா நல்லா குணமாகும், அதனாலதான் அவசரப்படுத்தறேன். ஸ்கேன்ல சவ்வோட தடிமன் பாப்பாங்க, 4 மில்லிமீட்டரைத் தாண்டினா துளி எடுத்து பயாப்சிக்கு அனுப்புவாங்க. நின்னுடுச்சுன்னு போகாம இருந்துடாதீங்க, கறை நின்னாலும் போகணும். சுகர், பிரஷர் இருக்கா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதாவது போடறீங்களா?

பெரியம்மா_சேலம்:
சுகர் இருக்கு, பிரஷரும் இருக்கு. ஆஸ்பிரின் போடறேன்.

கருவேப்பிலை:
பெரியம்மா தனியா போகாதீங்க, வீட்ல பொண்ணு, மருமக யாராவது இருக்காங்களா? சேலம் ஜிஹெச்னா காலைலயே ஓபி சீட்டு போட்டுடணும், லேட்டா போனா கூட்டம்.

பெரியம்மா_சேலம்:
மருமக இருக்கா. இப்பதான் அவகிட்ட சொன்னேன், நாளைக்கு லீவு போடறேன்னு சொல்லிட்டா. மாத்திரை எல்லாம் கவர்ல எடுத்து வெச்சாச்சு.